இலையில் பூரி, டப்பாவில் மொச்சை

காலையில் இட்லியை நான் கடைசியாகத்தான் தொடுவேன். முதலில் வேகவைத்த மொச்சை ஒரு கிண்ணம், பிறகு ஒரு முட்டை, கொஞ்சம் கீரைப் பொரியல். அதெல்லாம் முடிந்த பிறகு இரண்டு இட்லி. மூன்றாவது இட்லி கிடையாது. இதைப் பார்க்கிறவர்களுக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் வாய், என் வயிறு. "காலையிலயே சுண்டலா, இன்னா பிரதோஷமா?" என்று கேட்டவர்கள் உண்டு. "ஆமா, எனக்குத் தெனம் பிரதோஷம்தான்" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு மென்றுகொண்டிருப்பேன்.

நான் தனியார் பஸ் டிரைவர். கள்ளக்குறிச்சியில் விடியுமுன் கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி, வெள்ளிமலை தாண்டிக் கரியாலூர் போகும் முதல் வண்டி என்னுடையது. என்னுடையது என்றால், முதலாளியுடையது. ஆனால் பதினாறு வருஷமாக அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத் தேய்த்தவன் நான். அந்த மலையின் ஒவ்வொரு வளைவிலும் எந்த இடத்தில் ஹாரன் அடிக்க வேண்டும், எந்த இடத்தில் கியரைக் குறைக்க வேண்டும் என்று என் கைக்கே தெரியும். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. மறைப்பானேன்.

கரியாலூரில் வண்டி இருபது நிமிஷம் நிற்கும். நிற்பது பாய் ஓட்டல் வாசலில். பஸ் ஓடுகிற எல்லா ரூட்டிலும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வண்டி எந்த ஓட்டல் முன்னால் நிற்கிறதோ அங்கே டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டிபன் இலவசம். ஆர்டர் கொடுக்க வேண்டாம். உள்ளே, அடுப்புப் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு பெஞ்சு. உட்கார்ந்ததும் இலை விழும். நான்கு பூரி, கிழங்கு, ஒரு வடை, சில நாள் மேலே ஒரு பரோட்டா, கடைசியில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அதற்குப் பெயரே டிரைவர் டீ. இந்தச் சட்டத்தில் இன்னொரு பாதியும் இருக்கிறது. டிரைவர் இலையில் கை வைக்காமல் எழுந்தால், வண்டி சீக்கிரமே எதிர் ஓட்டலுக்கு மாறப்போகிறது என்று அர்த்தம். யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் ஊருக்கே புரிந்துவிடும்.

பதினாறு வருஷம் அந்த இலையை நான் வஞ்சனையில்லாமல் வழித்துச் சாப்பிட்டேன். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வாங்கப் போனபோதுதான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கள்ளக்குறிச்சியில் நான் காட்டும் டாக்டரம்மா ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்து, "எத்தனை நாளா இப்படித் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். மலை ஏறினால் தாகம் எடுக்கத்தானே செய்யும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, காலை டிபனை மாற்றச் சொன்னார்.

மாற்றினேன். எப்படி மாற்றினேன் என்பதுதான் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் சர்க்கரை நோயைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆலைச் சர்க்கரைதான் விஷம், வெல்லம் ஒன்றும் செய்யாது. மலைத்தேன் மருந்து. மலைக்காரன் சாமையும் கேழ்வரகும் தின்பதால் அவனுக்குச் சர்க்கரையே வராது. இதையெல்லாம் நானும் பஸ்ஸில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் என் மனைவி, "கேவுரு கூழு குடிச்சிட்டு போங்க, ஒரு வியாதியும் கிட்ட வராது" என்றபோது மறுபேச்சு பேசவில்லை. தண்ணீராகக் கரைத்த கூழ் ஒரு முழுச் சொம்பு. சப்பென்று இருந்ததால் இரண்டு கரண்டி தேன், அதுவும் கரியாலூரிலேயே வாங்கிய அசல் மலைத்தேன். ஒரு மாதம் குடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போனேன். அளவு முன்பைவிட ஜாஸ்தி.

"எவ்ளோ கூழ் குடிச்சீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒரு சொம்பு."

"வெறும் கூழா?"

"கொஞ்சூண்டு தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கேழ்வரகு நல்லதுதான். அதைக் களியா, அளவா, பருப்பு கீரையோட சாப்பிட்டா மெதுவா ஏறும். தண்ணியா கரைச்சி ஒரு சொம்பு குடிச்சா நேரா ரத்தத்துக்குப் போயிடும். தேனும் சர்க்கரைதான். மலையில இருந்து எடுத்தா மாறிடுமா?" என்று கேட்டு, மாத்திரையைக் கூட்டி எழுதினார். காலையில் மாத்திரை போட்டதும் சாப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவையும் தலையாட்டினேன், ஆனால் கோபத்தில் காதில் வாங்கவில்லை.

பூரி தின்றாலும் ஏறுகிறது, கூழ் குடித்தாலும் ஏறுகிறது. சாப்பிட்டால்தானே ஏறும், நான் சாப்பிடாமலே இருந்து காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் மாத்திரையைப் போட்டு, மேலே பாலும் சர்க்கரையும் இல்லாத வரக்காப்பி மட்டும் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். என் பிடிவாதத்தை மெச்சிக்கொண்டே கோமுகி அணையைத் தாண்டினேன்.

பாதி மலையில் சட்டை முதுகோடு ஒட்டியது. காற்று ஜில்லென்று அடிக்கிறது, எனக்கு மட்டும் வேர்க்கிறது. ஒரு வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க இடது கையைக் கொண்டுபோனேன். விரல்கள் குமிழைப் பிடிக்கவில்லை. கை தந்தியடித்தது. வண்டியில் நாற்பது பேருக்குமேல். இடப்பக்கம் பள்ளம். நான் செய்த ஒரே நல்ல காரியம், அந்த வளைவை எடுக்காமல் நிறுத்தியதுதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தேன். கண்டக்டர் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்தார்.

"ணா, இன்னாணா ஆச்சி? சக்கரையா?"

பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. அப்போது எனக்குப் பின்னால் முதல் சீட்டில் இருந்த பெண் ஒரு கலர் சோடா பாட்டிலை நீட்டினாள். மலைக் கிராமத்துப் பெண். காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். அழாமல் வர வேண்டும் என்று குழந்தைக்குப் பஸ் ஸ்டாண்டில் வாங்கித் தந்த கலர் அது. கண்டக்டர் மூடியைத் திறந்து என் வாயில் வைத்தார். முழுப் பாட்டிலையும் குடித்தேன். மூன்று வயதிருக்கும் அந்தப் பெண் குழந்தை என் வாயைப் பார்த்துக்கொண்டே ஏங்கி ஏங்கி அழுதது. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டேன். ஆனாலும் வண்டியைத் தொடவில்லை. கண்டக்டர் போன் பண்ணிச் சொல்ல, பின்னால் வந்த வண்டியில் மாற்று டிரைவர் வந்து ஏறி ஓட்டினார். நான் ஓட்டிய பஸ்ஸில் நான் பயணியாக உட்கார்ந்து போனேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதைக் கண்டக்டரிடம் நான் ஒப்புக்கொண்டதைக் கேட்ட அந்தத் தாய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாள்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். "கொஞ்ச நாள் மூங்கில்துறைப்பட்டு ரூட்டு ஓட்டு. மலைக்கு வேற ஆளப் பாக்கறன்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அது மொட்டை அடித்துக் கழுதை மேல் ஏற்றியதுபோல் இருந்தது. அங்கே சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை நடந்துகொண்டிருந்த சமயம். முன்னால் கரும்பு டிராக்டர், அதற்கு முன்னால் கரும்பு மாட்டுவண்டி, அதற்கும் முன்னால் இன்னொரு டிராக்டர். இரண்டாவது கியருக்கு மேல் போக வழியில்லை. ஆலை நெருங்க நெருங்கக் கருப்பஞ்சாறு காயும் வாசனை மூக்கில் ஏறும். சர்க்கரைக்காரனைச் சர்க்கரை ஆலைக்கு அனுப்பிவைத்திருக்கிறார்களே என்று முதல் நாள் எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டாம் நாளிலிருந்து வெறிதான் வந்தது. என் மலையை என்னிடமிருந்து ஒரு காலை டிபன் பிடுங்கிக்கொள்வதா?

டாக்டரம்மாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் மாத்திரையை மாற்றினார். சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும் என்றார். இந்தத் தடவை காதில் விழுந்தது. "எதைச் சாப்பிட்டா எவ்ளோ ஏறுதுன்னு நீங்களே பாருங்க" என்று விரலில் குத்திப் பார்க்கும் மெஷினை வாங்கச் சொன்னார்.

வாங்கினேன். ஒவ்வொரு நாளும் ஒரு டிபன். சாப்பிடும் முன் ஒரு குத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். பூரிக்கு இருநூற்று எழுபதைத் தொட்டது. வெறும் சட்னியோடு நான்கு இட்லிக்கு இருநூற்று முப்பது. அதே இட்லியை இரண்டாகக் குறைத்து, முன்னால் மொச்சையும் முட்டையும் கீரையும் மென்று தின்ற நாளில் நூற்று ஐம்பத்தெட்டு. நம்பாமல் மறுநாளும் அதையே தின்றேன். நூற்று அறுபத்திரண்டு. இட்லியை முதலில் தின்று மொச்சையைப் பின்னால் தின்றேன். ஏறியது. திரும்ப மாற்றினேன், இறங்கியது. என் உடம்பு என்னிடம் பேசுகிறது என்று முதல் தடவையாகத் தோன்றியது. சொல்ல வெட்கமில்லை, மூங்கில்துறைப்பட்டு பஸ் ஸ்டாண்டில் அந்தச் சின்ன மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கினேன்.

மொச்சையை இரவிலேயே நான்தான் ஊறப்போடுவேன். காலையில் குக்கரை வைப்பதும் நான்தான். "பூனையாட்டம் உருட்டிக்கினு இருக்கறீங்க, என்ன எழுப்பனா இன்னா?" என்று மனைவி சத்தம் போடுவாள். எழுப்ப மாட்டேன். இது என் சண்டை. இப்போதெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன், வெறும் வயிற்றோடு மலை ஏறக் கூடாது என்பதற்காக ஒரு பிடி அவித்த மல்லாட்டை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம். மாத்திரையும் டிபனும் கரியாலூரில்.

ஆறு வாரத்து எண்களையும் டாக்டரம்மாவின் கடிதத்தையும் முதலாளி மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "செரி, மலைக்கே போ. இன்னொரு தபா நடந்துதுன்னா அப்பறம் ரூட்டே கெடையாது, பாத்துக்கோ" என்றார்.

திரும்பிப் போன முதல் நாள். பாய் முகமெல்லாம் மலர, "வாங்க டிரைவரே, எளச்சிட்டீங்களே" என்று தன் கையாலேயே இலை போட்டார். நான்கு பூரி உப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தன. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "பாய், வேணாம், கொண்டாந்திருக்கறன்" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு என் சீட்டுக்குப் போய்விட்டேன். கூச்சமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த வாசனைக்கு மசிந்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. மூன்று நாள் அப்படியே செய்தேன்.

நான்காம் நாள் முதலாளி போனில் எகிறினார். "இன்னாய்யா, எதிர் ஓட்டல்காரங்கிட்ட பேசி முடிச்சிட்டியா? பாய் எனக்குப் போன் பண்ணிக் கலங்கறாரு. மலைக்கு அனுப்னதும் வேலையக் காட்டறியா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மொச்சை தின்றதற்கு இப்படி ஒரு அர்த்தமா? "மொதலாளி, வண்டி பாய் கடையிலதான் நிக்கும். நான் இருக்கற வரைக்கும் அங்கதான் நிக்கும். ஆனா என் வாயில இன்னா போவணும்னு நீங்களும் சொல்லக் கூடாது, பாயும் சொல்லக் கூடாது. பூரி துன்னுட்டு மலை ஏறற டிரைவர்தான் வேணும்னா இப்பவே சொல்லுங்க, சாவியக் கண்டக்டர்ட்ட குடுத்துட்டு வரன்" என்றேன்.  அவர் போனை வைத்துவிட்டார். சாவியைக் கேட்கவில்லை.

மறுநாள் சீட்டுக்குப் போகவில்லை. நேராக ஓட்டலுக்குள் போய் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், எல போடுங்க."

அவர் இலையைப் போட்டார். நான் டப்பாவைத் திறந்து அந்த இலையிலேயே மொச்சையைக் கொட்டினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று பையிலிருந்து மெஷினை எடுத்து விரலில் குத்திக்கொண்டேன். "இது சாப்பிடறதுக்கு முன்னாடி. கீழ போய் எறங்கனதும் இன்னொரு தபா குத்துவன். அது ஏறனா எனக்கு வண்டி இல்ல. வண்டி இல்லன்னா உங்க கடையில நிக்க நானும் இல்ல. உங்க பூரி மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. நல்லா இருக்கறதாலதான் பயமா இருக்குது" என்றேன்.

பாய் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் இலையைக் குனிந்து பார்த்தார். "மொச்சையில உப்பு போட்டீங்களா? வெளுத்துப் போயி கெடக்குது" என்று உள்ளே போய், வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்து எடுத்து வந்து மேலே கொட்டினார். மறுநாளிலிருந்து சர்க்கரை இல்லாமல் ஒரு டீயும் வந்தது. பூரியை மட்டும் அவர் விடவில்லை. இன்றும் இலை ஓரத்தில் இரண்டு பூரி வைக்கிறார். வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராதாம். நான் தொடுவதில்லை. கண்டக்டர் என் பங்கையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிறார். ஒருநாள் அவர் விரலையும் குத்திப் பார்க்கப்போகிறேன்.

முதலாளியையும் பாயையும் சமாளித்துவிட்டேன். ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது வேறு ஒருவரால். நான் திரும்பி வந்த வாரத்தில், இறக்கத்துக்கு முன்னால் இருக்கும் ஒரு சின்ன ஸ்டாப்பில், அன்று கலர் கொடுத்த பெண் தன் குழந்தையோடு நின்றிருந்தாள். கச்சிராயபாளையத்தில் அவளுக்கு அம்மா வீடு. வண்டியைப் பார்த்ததும் கையை நீட்டினாள். கண்ணாடி வழியே என் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கையை இறக்கிவிட்டு, போங்க என்பதுபோல் தலையை ஆட்டினாள். அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அடுத்த வாரமும் அப்படியே. யார் கேலி செய்தாலும் திருப்பிக் கொடுக்கிற நான் கியரைப் போட்டுக் கிளம்பினேன். அவள் செய்தது சரி. என் குழந்தையாக இருந்தால் நானும் ஏற்றியிருக்க மாட்டேன்.

மூன்றாவது தடவை அவள் கையை நீட்டவே இல்லை. நான் வண்டியை நிறுத்தினேன். இன்ஜினையும் அணைத்தேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் எடுத்துவிட்டார். நான் எழுந்து முன்படிக்கு வந்து காலி டப்பாவைத் திறந்து காட்டினேன். நாற்பத்தெட்டு வயது ஆள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. பின்னால் யாரோ சிரித்தார்கள், கவலைப்படவில்லை.

அவள் டப்பாவைப் பார்த்தாள். "இன்னா துன்னீங்க?" என்று கேட்டாள்.

"மொச்ச, முட்ட, கீர. அப்பறம் ரெண்டு இட்லி."

"மாத்தர?"

"துன்னுக்கினே போட்டன்."

 அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறி, என் பின்னால் அதே முதல் சீட்டில் உட்கார்ந்தாள். நானும் என் சீட்டுக்குத் திரும்பினேன்.

என் சீட்டுப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில், திறக்காத கலர் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். கை நடுங்கினால் உடனே குடிக்க. குழந்தை அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. அதன் பாட்டிலை ஒருநாள் குடித்துத் தீர்த்தவன் நான். எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். அதற்குள் அவள் குழந்தையின் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"அது வேணாம் பாப்பா. அது டிரைவர் அண்ணனோடது. அவருக்குக் கை நடுங்கனா குடிக்கறது" என்றாள்.

"நடுங்காது பாப்பா" என்றேன், கண்ணாடியில் குழந்தையைப் பார்த்து. "ஆனா பாட்டில் அங்கயேதான் இருக்கும். கீழ போனதும் உனக்கு வேற வாங்கித் தரன்."